வீசம் ஏக்கர்

ஏப்ரல் பிறந்ததும் இங்கிலாந்துக் குடும்பங்கள் வெளியே கிளம்பிவிடும். ஈஸ்டர் விடுமுறை, புல்வெளியோரம் மஞ்சளாகப் பூத்த டாஃபடில், ஆட்டுக்குட்டிகளைப் பார்க்க ஓடும் பிள்ளைகள், மண்ணைக் கொத்தி உருளைக்கிழங்கு ஊன்றும் தாத்தா. பினாங்கில் ஆங்கிலப் பள்ளியில் படித்த தலைமுறைகளுக்கு இந்தக் காட்சி பாடப்புத்தகத்திலேயே பழக்கமானது. கூடவே ஒரு தீர்ப்பும் வந்து சேர்ந்தது. ஆங்கிலேயனுக்குத் தோட்டம் ரத்தத்தில் ஊறியதாம். தமிழராகிய நமக்கு வெயில் ஆகாதாம், ஓய்வு கிடைத்தால் படுக்கை, இல்லையென்றால் பேரங்காடியாம். டத்தோ கிராமாட் வட்டாரத்து அடுக்குமாடிகளைப் பற்றிய பேச்சில் நம்மவர்களே இதைச் சொல்வதுண்டு. குடியிருப்பின் கீழே காலியிடம் கிடந்தும் ஒருவரும் ஒரு செடி நடுவதில்லை என்பதை அதற்குச் சான்றாகவும் காட்டுவார்கள். சான்று உண்மைதான், அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை. ஒரு குடும்பம் மண்ணில் கால் வைப்பதைப் பருவமும் ரசனையும் ஓரளவே தீர்மானிக்கின்றன. அந்த மண்ணின்மேல் அதற்கு எத்தனை நாள் உரிமை, அந்த உரிமையை யார் பறிக்கலாம், எப்போது பறிக்கலாம் என்பவையே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

இந்தத் தீர்ப்பை முதலில் பொய்யாக்குவது இங்கிலாந்தின் சொந்த வரலாறு. 1604 முதல் 1914 வரை அந்நாட்டு நாடாளுமன்றத்தில் 5,200க்கும் மேற்பட்ட நில வேலியடைப்புச் சட்டங்கள் நிறைவேறின. அவற்றால் ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு, பொதுப் பயன்பாட்டிலிருந்து தனியார் கைக்குப் போனது. ஊர்ப்பொதுவில் ஒரு மாட்டை மேய்த்து, விறகு பொறுக்கி, வாத்து வளர்த்துப் பிழைத்த கூலிக்குடும்பம் வெறுங்கூலியை நம்பி நின்றது. 1830இல் தெற்கு மாவட்டங்களில் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்து, வைக்கோற்போருக்குத் தீ வைத்த ‘ஸ்விங்’ கலகம் வெடித்த பிறகே, தொழிலாளிக்குத் துண்டு நிலம் வாடகைக்கு விடும் வழக்கம் வேகமாகப் பரவியது. ‘அலாட்மென்ட்’ என்று அவர்கள் சொல்வது இதைத்தான். நிலம் கொடுத்தவர்களுக்கு அன்பைவிட அச்சமே காரணம் என்று கொள்வதில் தவறில்லை. 1845ஆம் ஆண்டின் வேலியடைப்புச் சட்டம் ஏழைகளுக்குத் தோட்ட நிலம் ஒதுக்குவதைப் பற்றிப் பேசியது. 1908ஆம் ஆண்டுச் சட்டம், மக்கள் கேட்டால் உள்ளூர் மன்றம் துண்டு நிலம் கொடுத்தே ஆகவேண்டும் என்று கடமையாக்கியது. 1925இல், இதற்கென வாங்கிய நிலத்தை அமைச்சரின் இசைவில்லாமல் மன்றம் விற்கக்கூடாது என்று ஆயிற்று.

இவற்றுள் என் கண்ணுக்கு மிக அழகானது 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு. துண்டு நிலக்காரரை வெளியேற்ற மாதக்கணக்கில் முன்னறிவிப்பு தரவேண்டும். அந்தக் கெடு முடியும் நாள் ஏப்ரல் 6ஆம் தேதியோ அதற்கு முன்போ இருக்கவேண்டும், இல்லையென்றால் செப்டம்பர் 29ஆம் தேதியோ அதற்குப் பின்போ இருக்கவேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில், விதைத்தது முளைத்து, காய்த்து, அறுப்புக்கு வரும் காலத்தில், அவரை அசைக்க முடியாது. வசந்தத்தில் தைரியமாக உருளைக்கிழங்கு ஊன்றும் அந்தத் தாத்தாவின் முதுகுக்குப் பின்னால் இந்தப் பிரிவு நிற்கிறது. கிராமப்புறத்தில் குடும்பமாக நடந்து திரிவதும் இப்படி வாங்கியெடுத்ததே. 1932 ஏப்ரல் 24, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் திரண்டு, பறவை வேட்டைக்காகப் பிரபுக்கள் பூட்டி வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். தேசியப் பூங்காக்களுக்கும் கிராமப்புற நுழைவுரிமைக்குமான சட்டம் 1949இல் வந்தது. இன்றைய சுற்றுலாக் கையேடுகளில் பசுமையாகத் தெரியும் நடைபாதைகள் பலவற்றுக்கு இந்தச் சட்டமே அடிப்படை.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழலாம். உரிமை இவ்வளவு உறுதியென்றால், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஏறத்தாழ 14 லட்சமாக இருந்த துண்டுத் தோட்டங்கள் இன்று மூன்றேகால் லட்சம் அளவுக்குக் குறைந்தது ஏன்? காய்கறி மலிந்தது, ஆள் குறைந்தது, மன்றங்கள் அமைச்சரின் இசைவோடு விற்கவும் செய்தன. உரிமை ஆசையை உண்டாக்காது என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் மீண்டும் ஆசை துளிர்த்தபோது திரும்பி வர நிலம் மிச்சமிருந்தது அந்தச் சட்டங்களால்தான். பல மன்றங்களில் இன்று ஒரு துண்டுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

இந்த இங்கிலாந்துத் துண்டின் வழக்கமான அளவு பத்துச் சதுர ராட், சுமார் 250 சதுர மீட்டர். ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு. நம் பழைய கணக்கில் ஒரு வீசம். இதே அளவு மலாயாத் தமிழர் வரலாற்றிலும் இருக்கிறது. 1920களில் மலாயாவின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பெருந்தோட்டத்தில் குடும்பத்தோடு வசிக்கும் தொழிலாளிக்குப் பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ பதினாறில் ஒரு ஏக்கர் நிலம் தரவேண்டும் என்று விதித்தது. இரண்டையும் எழுதியவர்கள் ஒரே ஆட்சி மரபில் பழகிய அதிகாரிகள். ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு மண் போதும் என்பதில் அவர்களுக்கு ஒரே கணக்கு. விடியுமுன் பெரட்டு என்ற வருகைக் கணக்கெடுப்புக்குப் போய், ரப்பர்ப் பால்மரம் வெட்டி, நண்பகலையொட்டிப் பால் நிறுத்துவிட்டு வந்த குடும்பத்துக்குப் பிற்பகல் மிச்சமிருந்தது. லயம் எனப்பட்ட வரிசை வீடுகளுக்குப் பின்னால் முருங்கை, கறிவேப்பிலை, வாழை, மரவள்ளி, வேலியில் படர்ந்த பாகல், கட்டையில் கட்டிய ஆடு. பிள்ளைகள் புல்லறுத்தார்கள், பெண்கள் பாத்தி கட்டினார்கள், பெரியவர்கள் மாடு பார்த்தார்கள். ஜப்பானியர் ஆட்சியில் 1942 முதல் 1945 வரை அரிசி அரிதானபோது மரவள்ளிதான் உயிரைப் பிடித்து வைத்தது. வெயிலைக் கண்டு ஒதுங்கும் இனம் என்று இவர்களைச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

அளவு ஒன்றாக இருந்தும் விளைவு வேறானதற்குக் காரணம், நிலத்தின் சொந்தக்காரர் யார் என்பதில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1908க்குப் பிறகு நிலம் கொடுத்தது உள்ளூர் மன்றம். வேலை கொடுத்தது வேறொருவர். மலாயாவில் இரண்டும் ஒரே துரை. வேலை போனால் வீடும் போனது, வீட்டோடு முருங்கையும் போனது. சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டாடி மறுவிற்பனை செய்ய, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அப்போது தொழிலாளிகள் தந்த பதில் கவனிக்கத்தக்கது. அமைச்சர் துன் சம்பந்தன் முன்னின்று 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதந்தோறும் சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். மண்மேல் பற்றில்லாதவர்கள் அரைவயிற்றுக் கூலியிலிருந்து அப்படிப் பணம் எடுத்து வைக்கமாட்டார்கள். ஆனாலும் கூட்டுறவு காப்பாற்றியது ஒரு பகுதியைத்தான். செபராங் பிறையின் தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தொழிற்பேட்டையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறின. பத்து காவானை இன்று பார்ப்பவருக்கு அங்கே தோட்டம் இருந்ததை நம்புவதே கடினம். நகருக்குள்ளோ, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கும் சட்டம் 1997இல் நிறைவேறி, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்கு இருந்த எல்லா இனத்துக் குடும்பங்களும் வெளியேறத் தொடங்கின. ரைபிள் ரேஞ்ச் போன்ற அடுக்குமாடிகளின் வாழ்க்கை அவர்களில் பலருக்கு இனி மாற்றமுடியாததாயிற்று.

நிலத்தை யார் எந்தப் பெயரில் வைத்திருக்கிறார் என்பது எவ்வளவு தூரம் போகும் என்பதை ஒரே குடும்பத்தின் இரண்டு நிலங்கள் காட்டுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்கில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்ட ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் பிரவுன். குளுகோர் தோட்டம் அவருடையது. டத்தோ கிராமாட் சாலையோரத்துப் பாடாங் பிரவுன் திடல், அவர் குடும்பத்திடமிருந்து மக்களின் விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் கிடைத்த நிலம். சுற்றிலும் நகரம் எவ்வளவோ மாறியும் அது திடலாகவே இருக்கிறது. ஓரத்தில் உணவுக்கடைகள், நடுவில் பந்து விளையாடும் பிள்ளைகள். அதே பிரவுன் தோட்டத்து நிலத்தில் மாடு வளர்த்து வாழ்ந்தது கம்போங் புவா பாலா. மாட்டுத் தொழுவம், பழமரங்கள், பொங்கல் வந்தால் மாடுகளுக்கு மாலை என்று தீவில் கடைசியாக மிஞ்சிய தமிழ்க் கிராமங்களுள் ஒன்று. பழைய தோட்டத் தொழிலாளிகளின் வழிவந்த தங்களுக்காகவே நிலம் அறக்கட்டளையாக விடப்பட்டது என்று குடியிருப்பாளர்கள் வழக்காடினார்கள். நிலமோ மாநில அரசின் கைக்குப் போய், அங்கிருந்து அரசு உயரதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கைமாறி, வீடமைப்புக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கூட்டரசு நீதிமன்றம் வரை போயும் 2009இல் தோற்றார்கள். அதே ஆண்டு வீடுகள் இடிபட்டன. மாற்றாக ஈரடுக்கு வீடு தர முன்வந்தார்களே, அது நட்டமா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டடக் கணக்கில் நட்டமில்லை. ஆனால் வரிசை வீட்டின் முன்முற்றத்தில் கார்தான் நிற்கும், கறவை மாடு நிற்காது. பாலும் சாணமும் மேய்ச்சலுமாக மூன்று தலைமுறைகளை ஒரே வெளியில் சேர்த்து வைத்திருந்த வேலை முடிந்துபோனது. திடலைக் காப்பாற்றியது ‘பொது’ என்ற சட்டத் தகுதி. கிராமத்துக்கு அப்படி ஒரு தகுதி ஆவணத்தில் இல்லை.

இனிப் பருவத்தைப் பற்றிய மறுப்பு. ஆண்டு முழுதும் ஒரே புழுக்கமாக இருக்கும் ஊரில் வசந்தத்தின் உந்துதல் எங்கிருந்து வரும்? இங்கிலாந்துக்காரர் ஆறு மாதம் அடைந்து கிடந்துவிட்டு வெளியே பாய்கிறார். நமக்கு அந்த அழுத்தம் இல்லை என்பார்கள். பினாங்குக்கும் ஒரு திறப்பு உண்டு. பெருமழை முடிந்து சனவரி, பிப்ரவரியில் தீவு காய்கிறது. அந்த வறட்சிதான் பூக்களின் கடிகாரம். அங்சானா மரங்கள் ஒரே நாளில் மஞ்சளாகிச் சாலையில் கொட்டுவதும், பாலேக் புலாவில் டுரியான் பூத்து, அந்தப் பூவின் பழம் மே வாக்கில் விழத் தொடங்குவதும் அதனால்தான். அதே வறண்ட வாரங்களில்தான் தைப்பூசம் வருகிறது. லெபோ பினாங்கிலிருந்து புறப்படும் இரதம் டத்தோ கிராமாட் சாலை வழியாகத் தண்ணீர்மலைக்குப் போகும் பாதையில், கைக்குழந்தை முதல் பாட்டி வரை குடும்பம் குடும்பமாக இரவெல்லாம் வெட்டவெளியில் இருக்கிறது. தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுகிறார்கள், குவித்த தேங்காய்களை உடைக்கிறார்கள், சிதறிய ஓடுகளை மண்வாரியால் அள்ளி ஒதுக்குகிறார்கள். சார்லஸ் கர்ட்டிஸ் 1884இல் பழைய கல்லுடைப்பு நிலத்தில் உருவாக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்காவும் அந்தப் பாதையின் முடிவில்தான் இருக்கிறது. அதற்கும் சோதனை வந்ததுண்டு. 1910இல் நீர்த்தேக்கத்துக்காக நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டு, இரண்டே ஆண்டில் பூங்காவாகத் திரும்பியது. கையெழுத்து வேறு மாதிரி விழுந்திருந்தால் இன்று விடியற்காலையில் அங்கே நடப்பவர்களுக்கு இடமே இருந்திருக்காது. இந்த வெளிகளில் தமிழ்க் குடும்பங்கள் திரளாகக் கூடுவதைப் பார்த்த பிறகும் ‘நமக்கு வெளியே போகப் பிடிக்காது’ என்று சொல்வது பிடிவாதம். தைப்பூசத்துக்குப் பினாங்கில் பொதுவிடுமுறையும், பூங்காவுக்குக் காப்பும் இருக்கின்றன. திறந்திருக்கும் கதவு வழியாக மக்கள் போகிறார்கள்.

மூடிய கதவு எது என்று பார்க்க அடுக்குமாடி நடைவழிக்கு வரவேண்டும். பழைய பெயின்ட் வாளியில் கறிவேப்பிலை, எண்ணெய்த் தகரத்தில் துளசி, உடைந்த பிளாஸ்டிக் கூடையில் கற்றாழை, கம்பியில் கட்டிய கயிற்றில் ஏறும் அவரை. அரிசி கழுவிய நீர்தான் உரம். சட்டத்தின் பார்வையில் இவை எல்லாம் இடையூறு. மலேசியாவின் 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்கீழ் வந்த விதிகளின்படி நடைவழி கூட்டுச் சொத்து. நிர்வாகத்தின் அனுமதியில்லாமல் அங்கே பொருள் வைக்கக்கூடாது. தீயணைப்பு வழி அடைபடக்கூடாது என்பது நியாயம். தொட்டித் தட்டில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் என்பதும் நியாயம். இரண்டையும் மறுக்கவில்லை. ஆனால் கீழேயும் இடமில்லை, மேலேயும் கூடாது என்றால், செடி வளர்ப்பவர் எப்போதும் யாராவது கண்டுகொள்ளாமல் விடுவதை நம்பியே வளர்க்கிறார். புதிய நிர்வாகக் குழு வந்தால் ஒரே காலையில் எல்லாம் குப்பை லாரியில் ஏறலாம். அதனால் தூக்கி நகர்த்தக்கூடியதை மட்டும் வளர்க்கிறார்கள். வாளி அளவுக்குத் தோட்டம் சுருங்கியிருப்பதைச் சோம்பல் என்று எழுதுவது, நிலவரத்தைப் பாராமல் ஆளைக் குறைசொல்வது.

நேரம் இல்லை என்பதும் மெய்தான். பாயான் லெப்பாஸ் ஆலைகளில் சுழல்நேர வேலை பார்ப்பவர்களுக்கு ஞாயிறு ஒன்றுபோல் வருவதில்லை; வேலைச் சட்டம் வார நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்ததே 2023இல்தான். இங்கிலாந்திலும் 1871ஆம் ஆண்டின் வங்கி விடுமுறைச் சட்டமும் 1938ஆம் ஆண்டின் ஊதியத்தோடு கூடிய விடுமுறைச் சட்டமும் இல்லாமல் வசந்தப் பயணங்கள் பெருகியிருக்காது. ஆயினும் நேரம், வெயில் என்ற இரண்டு வாதங்களுக்கும் ஒருசேரப் பதில் சொல்ல சிங்கப்பூர் இருக்கிறது. அதே வெப்பம், அதே மழை, நீண்ட வேலைநேரம், பினாங்கைவிட நெருக்கடியான அடுக்குமாடிகள். அங்கே தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்களாகப் பெருகியது. 2016 முதல் பூங்காக்களில் இரண்டரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட பாத்திகளைத் தனியாருக்கு மூன்று ஆண்டுக் குத்தகைக்கு விடுகிறார்கள். கேட்பவர்கள் பாத்திகளைவிட அதிகம். ஒரு கட்டில் அளவு மண்ணுக்கு இத்தனை போட்டி. மாறியது வானிலையல்ல, மூன்று ஆண்டு என்ற உறுதி.

பினாங்கில் நிலமே இல்லையே என்பது கடைசியாக வரும் வாதம். நிர்வாகிகளுக்குப் பிடித்த வாதமும் அதுவே. டத்தோ கிராமாட் சாலையில் பல பத்தாண்டுகள் புகைந்த ஈய உருக்காலை மூடப்பட்டபோது பெரிய மனை ஒன்று காலியானது. அங்கே எழுந்தது பேரங்காடியும் மாடிக்குடியிருப்பும். சந்தை விலையில் பார்த்தால் வேறெதுவும் எழ வழியில்லை என்பது சரி. ஆனால் துண்டுத் தோட்டத்துக்கு முழு மனை தேவையில்லை. இங்கிலாந்திலும் அது ரயில்பாதையோரத்திலும் கால்வாய்க் கரையிலும், வேறு எதற்கும் உதவாத நீள்துண்டுகளிலும்தான் பிழைத்தது. சுங்கை பினாங்குக் கரையோரமும், மின்கம்பித் தடங்களும், அடுக்குமாடிகளுக்கு இடைப்பட்ட மன்ற நிலங்களும் அந்த வகை. அங்கே யாராவது அனுமதி பெற்றுப் பயிரிட நினைத்தால் பெரும்பாலும் கிடைப்பது தற்காலிகக் குடியேற்ற உரிமம். தேசிய நிலச் சட்டத்தின்படி அது எந்த மாதத்தில் கொடுத்தாலும் டிசம்பர் 31இல் காலாவதியாகும். புதுப்பிக்கலாம், மறுக்கவும் செய்யலாம். நட்டதற்கு ஈடு கேட்க முடியாது. இங்கிலாந்துச் சட்டம் பயிர்க்காலத்தைப் பார்த்து நாள் குறித்தது. நம் உரிமம் அலுவலக நாட்காட்டியைப் பார்த்துக் குறித்தது; தீவின் வறண்ட பருவம் தொடங்கும் நேரத்தில் வந்து முடிகிறது. ஓராண்டு உரிமத்தில் கீரை போடலாம். முருங்கை காய்ப்புக்கு வரும்போது உரிமம் முடிந்திருக்கும். எலுமிச்சையை நினைக்கவே வேண்டாம்.

இவ்வளவும் பழைய லயத்து வாழ்வின்மேல் உள்ள ஏக்கம் என்று ஒதுக்குபவர்களுக்கு வலுவான துணை ஒருவர் இருக்கிறார். ஜான் ஸ்டுவர்ட் மில் 1848இல் தம் பொருளியல் நூலில் இங்கிலாந்தின் துண்டு நிலத் திட்டத்தைக் கடுமையாகச் சாடினார். குறைந்த கூலியை அப்படியே வைத்துக்கொண்டு, பற்றாக்குறையைத் தொழிலாளியே விளைவித்து நிரப்பச் செய்யும் தந்திரம் அது என்பது அவர் வாதம். மலாயாத் தோட்டங்களுக்கு அது அப்படியே பொருந்தும். கொல்லையில் மரவள்ளி விளைந்ததால் கூலி கட்டுப்படியானது என்பதை எந்தத் துரையும் கணக்கில் எடுத்திருப்பார். வீட்டுத் தோட்டத்தை வறுமைக்கு மருந்தாகச் சொல்வதும் ஆபத்து. விலைவாசி ஏறும்போதெல்லாம் அரசுகள் மக்களிடம் செடி நடச் சொல்வதுண்டு, பிரதமர் துன் ரசாக் காலத்துப் பசுமைப் புத்தகத் திட்டம்போல. ஆனால் மில்லின் குற்றச்சாட்டு கூர்மையாகப் பாய்வது நிலமும் கூலியும் ஒருவர் கையில் இருக்கும்போதுதான். முதலாளியிடமிருந்து பிரித்துப் பொது மன்றத்தின் கையில் கொடுத்துச் சட்டத்தால் கட்டிய பிறகு, துண்டு நிலம் கூலிக்கு ஈடாக நிற்பதில்லை. அரைக்கிலோ வெண்டைக்காய்க்காக மட்டும் எவரும் ஞாயிறு முழுவதும் குனிந்து நிற்பதில்லை. பேரன் பக்கத்தில் நிற்பதும் ஒரு காரணம்.

பினாங்கில் இப்படி உறுதியோடு துண்டு நிலம் தருவதற்குப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை. அரசமைப்புச் சட்டத்தின்படி நிலம் மாநிலப் பட்டியலில் உள்ளது. புத்ராஜெயாவின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அரசு நிலத்தைப் பொதுநோக்குக்கு ஒதுக்கி அரசிதழில் அறிவிக்க தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்படி ஒதுக்கிய நிலத்தை மாநில அரசின் இசைவோடு 21 ஆண்டுவரை குத்தகைக்கு விட 63ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தக் குத்தகைப் பத்திரத்தில், காய்க்கும் மாதங்களில் வெளியேற்றக்கூடாது என்ற ஒரு நிபந்தனையும், தண்ணீர்க் குழாய்க்கு யார் பணம் கட்டுவது என்ற ஒரு வரியும் சேர்க்கவேண்டியிருக்கும்.